பைத்தான் நிறுவ எது தோது: விண்டோஸா, உபுண்டுவா, மேக்கா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்துப் பட்டணத்தில் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கணினியில் போட உட்கார்ந்தால், முதலில் பார்க்க வேண்டியது கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் எத்தனை ஜிபி மிச்சம் என்பதைத்தான்.

விண்டோஸுக்கான நிறுவல் கோப்பு 30 எம்பி அளவுதான். சிக்கல் முதல் திரையிலேயே காத்திருக்கிறது. அடியில் பைத்தானைப் 'பாத்'தில், அதாவது கட்டளைகளை விண்டோஸ் தேடும் இடங்களின் பட்டியலில், சேர்க்கும் சிறு கட்டம் ஒன்று. அது தானாக டிக் ஆகியிருக்காது. அதைக் கவனிக்காமல் 'இன்ஸ்டால் நவ்' அழுத்திவிட்டு, பிறகு கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் பைத்தான் என்று அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். நிறுவல் கெட்டுவிட்டது என்று மறுபடி இறக்க வேண்டாம். பி, ஒய் என்ற இரண்டெழுத்தை மட்டும் அடித்துப் பாருங்கள், ஓடும். அண்ணன் விட்டுப்போன பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 7 இருந்தால் 3.8 பதிப்போடு சரி; 3.9 அதில் ஏறாது. 3.8-க்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 அக்டோபரில் நின்றுவிட்டன.

அந்த மாதிரிக் கணினிக்கு, 4 ஜிபி ராமாவது இருந்தால், லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு தோது. 24.04-இல் பைத்தான் 3.12 கூடவே வருகிறது. ஆனால் உபுண்டுவே 6 ஜிபியை நெருங்கும். வைஃபை உள்ள இடத்தில் இறக்கிப் பென்டிரைவில் ஏற்றி வருவதே புத்தி. கட்டளை 'பைத்தான்' அல்ல, 'பைத்தான்3'. பைத்தானுக்கான கூடுதல் பொதிகளை இறக்கி நிறுவும் 'பிப்' கருவி மூலம் எதையாவது நிறுவப் போனால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று மறுத்துவிடும். அது பிழையல்ல, காவல்: உபுண்டுவின் சொந்தக் கருவிகள் அதே பைத்தானை நம்பி ஓடுகின்றன. 'பைத்தான்3-வென்வ்' பொதியைப் போட்டு, ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சூழல் அமைத்து, அதற்குள் நிறுவுங்கள். மறுப்பை மீற ஒரு வழி உண்டு, தொடாதீர்கள்.

மேக் இங்கே அபூர்வம். மேக் இயங்குதளத்தின் 12.3 பதிப்போடு பழைய பைத்தான் 2.7-ஐ ஆப்பிள் எடுத்துவிட்டது. இப்போது 'பைத்தான்3' என்று அடித்தால் மேம்பாட்டுக் கருவிகளை இறக்கட்டுமா என்று கேட்கும். பல நூறு எம்பி போய்விடும். பைத்தான் தளத்துக் கோப்பே சிக்கனம்.

விண்டோஸ் 10, 11 ஒழுங்காக ஓடுகிற கணினியில், பைத்தானுக்காக மட்டும் உபுண்டுவுக்கு மாறுவது வீண் வேலை.

டியூஷன் வகுப்பில் ஐந்தாறு கணினி இருந்தால், ஒன்றில் 'பிப் டவுன்லோட்' கொடுத்துப் பொதிகளை ஒரே தடவை இறக்கி, பென்டிரைவில் மற்றவற்றுக்குக் கொண்டுபோகலாம். கோப்புப் பெயரின் வால் 'நன்-எனி' என்றிருந்தால் மூன்று அமைப்புக்கும் பொருந்தும். எண் கணக்குகளுக்கான நம்பை மாதிரிப் பொதிகள் அப்படியல்ல. விண்டோஸில் இறக்கியதன் வாலில் 'வின்' இருக்கும். உபுண்டு அதைச் சீந்தாது. பைத்தான் பதிப்பும் ஒத்துப்போக வேண்டும்: 3.12-க்கு இறக்கிய நம்பை 3.13-இல் ஏறாது.