ஆறு வருட சிஎன்ஜி ஓட்டம்: வண்டியில் குறையில்லை, நிரப்புவதுதான் பெரும்பாடு

போன மாதம் வண்டி ரிப்பேர் முடிந்து வீடு வந்த அன்றே நண்பன் போன் செய்தான். "உன்கிட்ட இருக்கிற மாதிரியே ஒரு சிஎன்ஜி வண்டி பார்த்து வச்சிருக்கேன். வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லு." சொல்ல வரவில்லை. ஆறு வருடத்தில் 92,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன், அதில் பெட்ரோலில் ஓடியது 7,000 இருந்தால் அதிகம். மீதியெல்லாம் சிஎன்ஜியில், அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவில். ஒரு வார்த்தையில் அதை எப்படி அடக்குவது? எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவனுக்காக எழுத ஆரம்பித்ததுதான் இது.

முதலில் வண்டியைப் பற்றி. காலையில் சாவியைத் திருப்பினால் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகும். இன்ஜின் கொஞ்சம் சூடானதும் வால்வு திறக்கும் 'டக்' சத்தம் மெலிதாகக் கேட்கும், பச்சை விளக்குகள் எரியும். அதன்பிறகு எந்த எரிபொருளில் ஓடுகிறது என்பதே மறந்துவிடும். சமதளத்தில் இன்ஜின் அவ்வளவு மென்மையாக ஓடும். எனக்கு இன்றுவரை அலுக்காத சந்தோஷம் ஆயில் மாற்றும் நாள். 10,000 கிலோமீட்டர் ஓடிய ஆயிலை வடித்தால் தேன் நிறத்தில் இறங்கும். சைலன்சர் குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்திருக்கிறேன், கரி ஒட்டுவதில்லை. (நிறத்தைப் பார்த்து ஏமாந்து ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். வெப்பத்தில் ஆயில் கெடுவது கண்ணுக்குத் தெரியாது.)

பிக்கப் குறைவு என்று எல்லோரும் சொல்வது உண்மைதான். சிஎன்ஜியில் பெரும்பகுதி மீத்தேன்தான். கன அளவில் ஒரு பங்கு மீத்தேன் சரியாக எரிய ஏறக்குறைய பத்துப் பங்கு காற்று வேண்டும். கேஸ் வாயுவாகவே உள்ளே போவதால், காற்று வர வேண்டிய இடத்தில் ஒரு பகுதியை அதுவே பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் மேடு ஏறும்போது வண்டி மூச்சு வாங்குகிறது. மீத்தேனுக்கு ஆக்டேன் (அழுத்தத்தில் தானாகப் பற்றிவிடாமல் தாங்கும் திறனின் அளவு) 120-க்கு மேல், அழுத்தம் அதிகமான இன்ஜினில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இரண்டு எரிபொருளிலும் ஓட வேண்டிய இன்ஜினைப் பெட்ரோலுக்குத் தோதாகத்தானே செய்கிறார்கள். நாலு பேரோடு மேட்டில் ஏற வேண்டியிருந்தால் சுவிட்சைத் தட்டிப் பெட்ரோலுக்கு மாறிவிடுவேன். எனக்கு இது ஒரு குறையாகவே படவில்லை.

'வெடிக்காதா?' என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கசிந்தால் காற்றைவிட லேசான இந்த வாயு மேலே போய்விடும், எல்பிஜி போலத் தரையோடு தேங்காது. காற்றில் சுமார் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும். தானாகப் பற்ற 500 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், பெட்ரோலுக்கு அதில் பாதியே போதும். ஆனால் சிலிண்டருக்குள் இருப்பது 200 பார் அழுத்தம், அதாவது காரின் டயரில் இருப்பதைப் போல எண்பது மடங்குக்கும் மேல். அதனால் சிலிண்டர் சோதனைத் தேதியை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி என் ஆறு வருட வயிற்றெரிச்சல்.

என் சிலிண்டரின் கொள்ளளவு 60 லிட்டர். 200 பாரில் முழுதாக நிரம்பினால் 9 கிலோ பிடிக்க வேண்டும். ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை. முதல் வருடம் வண்டியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து இரண்டு முறை காட்டினேன், ஒன்றுமில்லை என்றார்கள். அப்புறம் ஒரு நோட்டு போட்டேன். தேதி, நேரம், எனக்கு முன்னால் நின்ற வண்டிகள், ஏறிய கிலோ. சிலிண்டர் கிட்டத்தட்டக் காலியாக இருந்த நாட்களை மட்டும் எழுதினேன். ஒரு வருடம் எழுதியதும் விஷயம் புரிந்துவிட்டது. விடிகாலை ஐந்து மணிக்குப் போனால் 8.2, 8.3. சாயங்காலம் ஆறு மணிக்கு இருபது வண்டிக்குப் பின்னால் நின்றால் 6.4. கிலோவுக்கு 24 கிலோமீட்டர் தரும் வண்டியில் இது 40 கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம். அதே பங்க், அதே வண்டிதான்.

காரணம் எளிது. பங்கில் கேஸை 250 பார் அளவில் பெரிய சிலிண்டர் வரிசைகளில் அடைத்து வைத்திருப்பார்கள். அங்கே அழுத்தம் அதிகம், நம் சிலிண்டரில் குறைவு. அந்த வித்தியாசத்தில்தான் கேஸ் இந்தப் பக்கம் பாய்கிறது. வண்டிகள் அடுத்தடுத்து வந்தால் சேமிப்பின் அழுத்தம் இறங்கும், கம்ப்ரஸரால் ஈடுகொடுக்க முடியாது. 170 பாரிலேயே பாய்ச்சல் நின்றுவிடும். "இன்னைக்கு பிரஷர் கம்மி சார்" என்று குழாயைக் கழற்றிவிடுவார் அந்தத் தம்பி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, என்னைவிட அதிகம் திட்டு வாங்குபவர் அவர்தான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. வேகமாக நிரப்பும்போது உள்ளே கேஸ் அமுங்கிச் சூடாகிறது. நிரப்பியதும் சிலிண்டர் கழுத்தில் கை வைத்தால் அந்தச் சூடு தெரியும். சூட்டில் அழுத்தம் ஏறிக் காட்டும். பானெட்டுக்குள் இருக்கும் முள் 200-ஐத் தொட்டதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வருவேன். காலையில் திறந்து பார்த்தால் 175. ஒரு சொட்டும் கசியவில்லை, வண்டி ஓடவும் இல்லை. ஆறிவிட்டது, அவ்வளவுதான். வெப்பநிலையைக் கணக்கில் எடுத்துக் கூடுதலாக நிரப்பும் கருவிகள் உண்டு. நான் போகும் இடங்களில் அது இல்லை.

இப்போது அந்த ரிப்பேர் கதை. இரண்டு மாதத்துக்கு முன்னால் வண்டி திணற ஆரம்பித்தது. மெதுவாகப் போய் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு வெட்டு வெட்டும். பெட்ரோலில் போட்டால் ஒன்றும் இல்லை. முதல் இடத்தில் ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள். மீத்தேனைப் பற்றவைக்கப் பிளக்குக்கு அதிக வோல்ட்டேஜ் தேவை, அதனால் சீக்கிரம் தேயும், சரிதான் என்று ஒத்துக்கொண்டேன். வெட்டு நிற்கவில்லை. இரண்டாவது இடத்தில் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றினார்கள். அப்போதும் நிற்கவில்லை. மூன்றாவதாகப் பார்த்த மெக்கானிக் எதையும் மாற்றவில்லை. கேஸ் ஃபில்டரைக் கழற்றி ஒரு பழைய செய்தித்தாள் மேல் கவிழ்த்தார். விளக்கெண்ணெய் மாதிரி கெட்டியான கறுப்பு ஆயில், சொட்டுச் சொட்டாக விழுந்து பேப்பரில் உள்ளங்கை அளவு பரவியது.

"இது உங்க வண்டி ஆயில் இல்லை சார். பங்க் கம்ப்ரஸர் ஆயில். கேஸோட சேர்ந்து வந்திருக்கு." இன்ஜினுக்குள் கேஸை அனுப்பும் இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவினார், ஃபில்டரை மாற்றினார். வண்டி அன்றே பழையபடி ஓடியது.

அந்தப் பேப்பரைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. காசு கொடுத்து கேஸ் வாங்குகிறேன், வரிசையில் முக்கால் மணி நேரம் நிற்கிறேன், முழுசாகவும் கொடுப்பதில்லை, கொடுப்பதிலும் ஆயிலைக் கலந்து தருகிறார்கள் என்றால் என்ன நியாயம்? ஆறு வருடத்தில் இந்த வண்டி எனக்குக் கொடுத்த தொந்தரவு எதுவுமே வண்டிக்குள் பிறந்ததில்லை. எல்லாம் அந்தக் குழாய் வழியாக வந்தவை. இனி 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை நானே கேட்டு ஃபில்டரைத் திறக்கச் சொல்வதாக முடிவு செய்திருக்கிறேன். உங்கள் சர்வீஸ் அட்டவணையில் இல்லாவிட்டாலும் நீங்களும் கேளுங்கள்.

சாண எரிவாயுவைச் சுத்தம் செய்து அழுத்தி அடைத்தால் இதே சிலிண்டரில், இதே இன்ஜினில், ஒரு திருகைக்கூட மாற்றாமல் ஓடும் என்பது எனக்கு இந்த வண்டி மேல் இருக்கும் பெரிய மரியாதை. மீத்தேனைக் காற்றில் கசியவிட்டால் அது கார்பன் டை ஆக்ஸைடைவிடப் பல மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும். வீணாகப் போவதைப் பிடித்து வண்டி ஓட்டலாம் என்பது எவ்வளவு நல்ல விஷயம்! அதனால்தான் நிரப்பும் இடத்தில் காட்டும் அலட்சியம் இவ்வளவு உறுத்துகிறது.

இவ்வளவு மெச்சிய பிறகு நண்பனுக்கு என்ன சொன்னேன்? வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

கேஸ் நிரப்பும்போது வண்டிக்குள் யாரும் உட்காரக் கூடாது, எல்லோரும் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும். பாதுகாப்புக்கான விதி அது, நான் மீறியதில்லை. போன வாரம் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போய்த் திரும்பும்போது கேஸ் தீர்ந்திருந்தது. பெட்ரோலில் வீட்டுக்குப் போயிருக்கலாம், 'வரிசை சின்னதாக இருக்கே' என்று நுழைந்துவிட்டேன். எங்கள் முறை வந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மூட்டு வலியோடு அம்மா ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, சாரலில் பாதிப் புடவை நனைய நின்றார்கள். மீட்டர் 6.1-இல் நின்றது.

நண்பன் வீட்டில் அவனும் அவன் அப்பாவும்தான். அப்பாவால் நாலு அடி நடக்க முடியாது, வெளியே போனால் சக்கர நாற்காலிதான். அவன் பார்த்து வைத்திருக்கும் மாடலில், என் வண்டியைப் போலவே, சிலிண்டர் டிக்கி முழுக்கப் படுத்திருக்கும். தரைக்கு அடியில் இரண்டு சின்ன சிலிண்டர்களாகப் பிரித்து வைத்த வண்டிகள் வேறு. அவன் வண்டியில் நாற்காலியை மடக்கி வைக்க இடமே இருக்காது.