ரணகள்ளியும் நடைவழி விளக்கும்: ஏழு வருட அனுபவம்

கல்லூரித் தோழி ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். “உன் வீட்டு ரணகள்ளி இன்னும் இருக்கா? ஸ்கேன்ல கிட்னில ஆறு எம்.எம். கல்லுன்னு வந்திருக்கு. தினம் ஒரு இலை மென்னு தின்னா கரைஞ்சிடுமாமே, ரெண்டு கொப்பு குடேன்” என்றாள். பதில் சொல்ல ஆரம்பித்தவள் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். கல்லைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் எங்கள் மாடி நடைவழியில் எரியும் விளக்கைப் பற்றித்தான் பேசினேன். ரணகள்ளி வளர்ப்பவர்களுக்கும் வளர்க்க நினைப்பவர்களுக்கும் அது பயன்படும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

எனக்கு இந்தச் செடி 2018ல் ஒற்றை இலையாக வந்தது. அத்தை தன் வீட்டுக் கொல்லையிலிருந்து பறித்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். அவர் இதை ரணகள்ளி என்று சொல்லவே மாட்டார், ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்பதுதான் அவர் வாயில் வரும் பெயர். இலையின் காம்பில் நூல் கட்டிக் கொல்லைக் கதவின் ஆணியில் தொங்கவிடுவார். மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை, பத்து நாளில் இலையின் ஓரப் பற்களுக்கு நடுவே வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். யாருக்காவது அடிபட்டால் இலையை அடுப்புத் தணலில் வாட்டி, விளக்கெண்ணெய் தடவி ஒற்றுவார்.

நம்மூர்ச் செடி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இதன் சொந்த ஊர் மடகாஸ்கர். அங்கிருந்து வெப்பநாடுகள் முழுவதும் பரவியிருக்கிறது. தென்கிழக்கு நைஜீரியாவில் இதே இலையை இதே மாதிரி அனலில் வாட்டி, சாறு பிழிந்து, பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி சீக்கிரம் விழுவதற்காகத் தடவுகிறார்கள் என்று படித்தபோது அத்தையின் அடுப்படிதான் நினைவுக்கு வந்தது.

பதியம் போடுவதில் இதைவிடச் சுலபமான செடி இல்லை. நன்கு முற்றிய இலை ஒன்றை எடுத்து, பாதி செம்மண்ணும் பாதி ஆற்று மணலும் கலந்த தொட்டியில் மல்லாத்தி வையுங்கள், புதைக்க வேண்டாம். மேலே ஒரு சின்னக் கூழாங்கல் வைத்தால் இலை மண்ணை ஒட்டியே இருக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தெளித்தால் போதும். குட்டிக்கு இரண்டு ஜோடி இலை வரும்வரை தாயிலையிலிருந்து பிரிக்காதீர்கள், அதுவரை அது தாயிலையைத் தின்றுதான் வளர்கிறது. கடைசியில் தாயிலை பழைய பஸ் டிக்கெட் மாதிரி மெலிந்து போயிருக்கும், அப்போது எடுக்கலாம். சின்ன இலையில் சவலைக் குட்டி வரும், பெரிய இலையில் கொழுத்த குட்டி வரும். இதை நான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நூறு வருடத்துக்கு முன்பு ஜாக் லோப் என்ற உயிரியலாளர் நியூயார்க்கில் இதே செடியின் இலைகளையும் குட்டிகளையும் தராசில் நிறுத்து, இலையின் எடைக்கு ஏற்பத்தான் குட்டிகளின் எடையும் இருக்கிறது என்று காட்டியிருக்கிறார். செடியில் இருக்கும்வரை இலை பெரும்பாலும் குட்டி போடுவதில்லை, பிரிந்த பிறகுதான் போடுகிறது. ஏழு வருடத்தில் நாற்பது ஐம்பது குட்டிகளையாவது கொடுத்திருப்பேன். கிடைத்த யாரும் செத்துப்போனது என்று சொன்னதில்லை.

கெடுப்பதென்றால் இரண்டு வழி. ஒன்று, ஐப்பசி மழையில் தொட்டியை நனையவிடுவது. தேங்காய் நார்க்கழிவு அதிகம் போட்ட மண்ணில் வைத்திருந்த செடி ஒரே வாரத்தில் அடித்தண்டு கறுத்துக் கொழகொழவென்று போனது. இன்னொன்று, மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடித்துவிட்டு வெயிலில் வைப்பது. இலையெல்லாம் கருகிவிட்டது. இப்போது பஞ்சில் துடைத்து எடுப்பதோடு சரி.

இனி விளக்கு விஷயம்.

எங்களுடையது இரண்டாவது மாடி. வாசலை ஒட்டி நடைவழி, அதன் ஓரத்தில் காலை வெயில் நன்றாக விழும். செடிக்கு அதைவிட நல்ல இடம் வீட்டில் இல்லை. ஆனால் அங்கேயே, தொட்டிக்கு நேர் மேலே, குடியிருப்புச் சங்கத்தின் டியூப் லைட். சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டால் காலை ஆறு மணிவரை எரியும். ஐந்து வருடம் செடி அந்த விளக்கின் கீழ் நின்றது. மார்பளவு வளர்ந்தது, இலைகள் மூன்றாகவும் ஐந்தாகவும் பிரிந்து கூட்டிலையாக விரிந்தன. எல்லாம் வந்தது, பூ மட்டும் வரவில்லை. அத்தை வீட்டில் ஒவ்வொரு தையிலும் கொத்துக் கொத்தாகத் தொங்கும். உரம் மாற்றிப் பார்த்தேன், தொட்டி மாற்றினேன், கொப்பை வெட்டிப் பார்த்தேன், தண்ணீரைக் குறைத்தேன். எதுவும் உதவவில்லை.

2023 ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் விளக்கு சிமிட்டி சிமிட்டி அணைந்தது. எலக்ட்ரீஷியன் தம்பி ஏணி போட்டுப் பார்த்துவிட்டு, “அக்கா, சோக் போயிடுச்சு, பட்டியும் துருப்பிடிச்சிருக்கு. மொத்தமா மாத்தணும், சங்கத்துல பணம் வாங்கிட்டு வர்றேன்” என்று போனார். பணம் வரவில்லை, அவரும் வரவில்லை. ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு படியேறினோம். நானே மூன்று முறை சங்கத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன்.

மார்கழி பிறந்த வாரத்தில் ஒரு காலையில் பால் பாக்கெட் எடுக்கக் குனிந்தபோது செடியின் உச்சியைப் பார்த்தேன். வழக்கமாக இலை வரும் இடத்தில் இலை இல்லை. தண்டு ஒன்று நீண்டு, அதில் எதிரெதிராகச் சின்னச் சின்ன முடிச்சுகள். பொங்கலுக்குள் அவை ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளத்துக்கு ஊதி, வெளிர் பச்சையில் செம்பழுப்புக் கோடு ஓடிய காகித விளக்கு மாதிரி தலைகீழாகத் தொங்கின. பூ அதற்கும் உள்ளே. அந்தப் பச்சைப் பை வெறும் புல்லிவட்டம்தான், அதாவது பூவின் வெளியுறை, அதன் வாயிலிருந்துதான் சிவந்த இதழ் நுனி எட்டிப் பார்க்கும். விரலால் மெல்ல அழுத்தினால் காற்றடைத்த பை போல அமுங்கித் திரும்ப எழும். காலையில் தேன்சிட்டு ஜோடி ஒன்று வரும். ஆண் கம்பியில் உட்கார்ந்து கத்தும், பெண் தண்டைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கிக் குடிக்கும். இரண்டாம் மாடி நடைவழிக்குத் தேன்சிட்டு வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பொங்கல் முடிந்து விளக்கு மாற்றினார்கள், எல்.ஈ.டி., முன்னைவிட இரண்டு மடங்கு வெளிச்சம். பூத்த தண்டு காய்ந்ததும் வெட்டிவிட்டேன், பக்கக் கிளைகள் வந்தன. அப்போதுதான் சந்தேகம் தட்டியது. ஒரே இலையின் இரண்டு குட்டிகளை ஒரே மண்ணில், ஒரே அளவுத் தொட்டியில் வளர்த்தேன். இரண்டும் இடுப்பளவு வந்ததும் ஒன்றை நடைவழியில் விட்டு, மற்றதைப் பின்பக்கம் துணி காயப்போடும் இடத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே வெயில் பாதிதான், ஆனால் ராத்திரியில் விளக்கு கிடையாது. இந்த வருடம் தையில் பின்பக்கச் செடி பூத்தது. நடைவழிச் செடி பூக்கவில்லை.

நாள் குறுகுவதை வைத்துப் பூக்கும் செடி இது. சென்னையில் ஜூனில் பகல் கிட்டத்தட்ட 13 மணி நேரம், டிசம்பர் கடைசியில் 11 மணி 20 நிமிடம். நமக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரியாது, செடிக்குத் தெரிகிறது. அது கணக்குப் பார்ப்பது இருட்டு இடைவிடாமல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைத்தான். தலைக்கு மேல் ராத்திரி முழுக்க விளக்கு எரிந்தால் அதற்கு மார்கழியே வருவதில்லை. ஐந்து வருடம் உரக்கடைக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது.

ராத்திரியை இந்தச் செடி பயன்படுத்தும் விதமே தனி. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, ராத்திரியில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேமித்து வைக்கும். விடிந்ததும் அதைக் கரைத்துச் செலவழிக்கும். விடியற்காலை இலையை நகத்தளவு கிள்ளி நாக்கில் வைத்துத் துப்பினால் புளிச்சக்கீரை மாதிரி சுரீரென்று புளிக்கும். மத்தியானம் அதே செடியில் அந்தப் புளிப்பு இருக்காது. இதை முதலில் எழுதி வைத்தவர் பெஞ்சமின் ஹெய்ன், சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தாவர வேலை பார்த்தவர். இதே இலையைக் காலை, மதியம், மாலை மென்று பார்த்து அவர் எழுதிய கடிதம் 1815ல் லண்டன் லின்னேயன் சங்க இதழில் வந்தது. இன்று உலகம் முழுக்கப் பாடமாக இருக்கும் ஒரு விஷயம் நம் பக்கத்து மண்ணில் ஒருவர் நாக்கில் தொடங்கியிருக்கிறது என்பதில் எனக்கு நிஜமாகவே பெருமை.

சரி, தோழியின் கல். கொப்பு தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இந்தச் செடியில் இதயத் துடிப்பைப் பாதிக்கும் பொருட்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் இந்த இனச் செடிகளைத் தின்று மாடுகள் செத்திருக்கின்றன, பூவில்தான் நஞ்சு அதிகம். அவளுக்கு ரத்த அழுத்த மாத்திரை வேறு இருக்கிறது. அத்தை வெளியே ஒற்றியதும் நாம் தினம் வெறும் வயிற்றில் மெல்வதும் ஒன்றில்லை. சிறுநீரக மருத்துவரிடம் போ, தண்ணீர் குடி, இலை பற்றி அவரிடமே கேள் என்றேன். கொஞ்சம் கோபித்துக்கொண்டாள். வெட்டிய கொப்புகளை நான் குப்பைமேட்டில் போடுவதும் இல்லை, எங்கள் தெருவில் மாடுகள் சுற்றுகின்றன. கறுப்புப் பையில் கட்டி வெயிலில் வைத்து, முழுக்க அழுகிய பிறகுதான் போடுகிறேன். காலி மனையில் வீசினால் ஒவ்வொரு இலையும் ஒரு புதராகும். ஹவாய், கலாபகஸ் தீவுகளில் இது பரவிப் பெரிய தொல்லையாகியிருக்கிறது.

செடிக்கு நான் குறையே சொல்ல மாட்டேன். பணம் கேட்காது, ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தாலும் நிமிர்ந்தே நிற்கும், ஒரு இலையிலிருந்து தெருவுக்கே கொடுக்கலாம். ஆனாலும் ராத்திரி முழுக்க விளக்கெரியும் அடுக்குமாடியில் இருப்பவர்கள் யாராவது வளர்க்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் இப்போது சொல்கிறேன். பூக்காத ரணகள்ளியை ஐந்து வருடம் பார்த்தவள் நான். பூத்ததையும் பார்த்த பிறகு அந்த வெறும் உச்சியைப் பார்க்க மனது வரவில்லை.

விளக்குக்குத் தனி சுவிட்ச் வைக்கச் சொல்லிச் சங்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பொது விளக்கு, மாற்ற முடியாது என்கிறார்கள். வயதானவர்கள் படியேறுவதால் அவர்கள் சொல்வதும் நியாயம்தான். நடைவழிச் செடியின் உயரத்தை நேற்று டேப் வைத்து அளந்தேன். மூன்றடி நாலு அங்குலம். நாலு மூங்கில் குச்சியும் இரண்டரை மீட்டர் கறுப்புக் காடாத் துணியும் வாங்கி வைத்திருக்கிறேன். ஐப்பசி முதல் தேதியிலிருந்து சாயங்காலம் ஆறுக்கு மூடி, காலை ஏழுக்குத் திறப்பதாக இருக்கிறேன்.