தொண்டு நிறுவன ஆய்வை எந்த இதழுக்கு அனுப்புவது?

நன்கொடையாளர் கேட்கும் காலாண்டு அறிக்கைகளைத் தயாரிப்பதிலேயே களப்பணியாளர்களின் நேரம் கரைந்துபோவதை, ஒரே ஒரு தொண்டு நிறுவனத்தை நெடுநாள் கவனித்து எழுதிய கட்டுரை ஒன்று கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை எந்த வகை ஆய்விதழுக்கு அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்துக் கட்டுரையின் வாதமே மாறிவிடக்கூடும்.

1973 முதல் வெளிவரும் ‘வேர்ல்ட் டெவலப்மென்ட்’ வளர்ச்சி ஆய்வுத் துறையில் பெருமதிப்புப் பெற்ற இதழ், எல்சேவியர் பதிப்பகம் வெளியிடுகிறது. இங்கே மதிப்பாய்வாளர் கேட்கும் முதல் கேள்வி, ஓரிடத்தில் கண்டது மற்ற இடங்களுக்கும் பொருந்துமா என்பதாகவே பெரும்பாலும் இருக்கும். அதற்கு விடை சொல்லப் புறப்பட்டால் அறிக்கைப் படிவங்களோடு மல்லாடும் களப்பணியாளர் பின்னுக்குப் போய், உதவிநிதிக் கொள்கை முன்னுக்கு வந்துவிடும். ஒற்றை நிறுவன ஆய்வுக்கு இது கடினமான வாசல் என்றே நினைக்கிறேன்.

தன்னார்வத் துறைக்கென்றே உள்ள இதழ்களில் இரண்டு முக்கியமானவை. 1972இல் வேறு பெயரில் தொடங்கி, சேஜ் பதிப்பக வெளியீடாக வரும் ‘நான்ப்ராஃபிட் அண்ட் வாலன்டரி செக்டர் குவார்ட்டர்லி’ ஒன்று. 1990இல் தொடங்கிய ‘வாலன்டாஸ்’ மற்றொன்று. இரண்டிலும் கோட்பாட்டுப் பங்களிப்பு கேட்கப்படும். நிறுவனங்களை ஆராய்ந்த அறிஞர்களான ஃபெஃபரும் சலான்சிக்கும் 1978இல் முன்வைத்த வளச்சார்புக் கோட்பாடு, பணம் தருபவரின் விருப்பத்துக்கேற்ப நிறுவனம் வளைவதை ஏற்கெனவே விளக்கிவிட்ட நிலையில், நம் கட்டுரை அதற்கு மேல் என்ன சொல்கிறது என்று மதிப்பாய்வாளர் கேட்பது நியாயமே. களப்பணியாளர்கள் படிவத்தை நிரப்பும்போதே எதை எழுதுவது, எதை விடுவது என்று தாமே முடிவெடுத்து ஓரளவு தன்னுரிமையைக் காத்துக்கொள்கிறார்கள் என்று காட்ட முடிந்தால், அதுவே வலுவான விடை. இவ்விரண்டில் முதலாவது அமெரிக்கச் சூழலில் வேரூன்றியது என்பதால், பிற நாட்டுச் சட்டப் பின்னணியை விளக்கவே பல பக்கங்கள் செலவாகக்கூடும். பல நாட்டு ஆய்வாளர்களின் சங்கத்தைச் சார்ந்த ‘வாலன்டாஸ்’ இந்த வகையில் இணக்கமானது.

ஆக்ஸ்ஃபாம் என்ற பிரிட்டிஷ் தொண்டு நிறுவனம் 1991இல் தொடங்கிய ‘டெவலப்மென்ட் இன் பிராக்டிஸ்’ களப்பணியாளர்களையும் எழுத்தாளர்களாகக் கருதிய இதழ். முழு நீளக் கட்டுரைகளோடு சுருக்கமான நடைமுறைக் குறிப்புகளுக்கும் அது இடம் தந்திருக்கிறது. எந்தெந்தக் கேள்விகளை அறிக்கையிலிருந்து நீக்கினாலும் நன்கொடையாளருக்கு இழப்பில்லை என்பதை, படிவத்தின் ஒவ்வொரு பத்தியாக எடுத்துப் பேச அங்கே முடியும். கோட்பாட்டு இதழில் அந்தப் பகுதிதான் முதலில் வெட்டுப்படும். பணி உயர்வுக் குழுக்கள் இத்தகைய நடைமுறை இதழுக்குக் குறைந்த மதிப்பெண் தரக்கூடும் என்பது உண்மைதான்.

படிப்பவருக்கு எட்டுமா என்பது இன்னும் பெரிய கேள்வி. சந்தா கட்டாத தொண்டு நிறுவனத்தில் இருப்பவர், தம்மைப் பற்றிய கட்டுரையையே திறக்க முடியாது. கட்டுரையாளரே கட்டணம் செலுத்தி, எவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்கத்தில் வெளியிடலாம் என்றாலும், பெரிய பதிப்பகங்களில் அது ஆயிரக்கணக்கான டாலர் வரை போகிறது. நிதியுதவி இல்லாத ஆய்வாளருக்கு அது கட்டுப்படியாகாது. 2016 முதல் முழுமையாகத் திறந்த அணுக்கத்துக்கு மாறிய, பிரிட்டனின் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்து (ஐடிஎஸ்) இதழான ‘ஐடிஎஸ் புல்லட்டின்’ வாசகருக்குத் தடையின்றிக் கிடைக்கிறது. ஆனால் அதன் ஒவ்வொரு வெளியீடும் ஒரே பொருளைச் சுற்றி அமைவதால், நம் பொருள் அங்கே வரும்வரை காத்திருக்க நேரும். மதிப்பாய்வில் ஏற்கப்பட்ட கைப்படியைப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் பதிவேற்றுவது செலவில்லாத வழி. சேஜ் அதை உடனே அனுமதிக்கிறது. எல்சேவியர் இதழ்களில் ஒரு காத்திருப்புக் காலம் உண்டு.

முனைவர் பட்டமோ பணி நிலைப்போ நெருங்கும் ஆய்வாளருக்கு என் தேர்வு ‘வாலன்டாஸ்’, கூடவே களஞ்சியப் பதிவேற்றம். அந்த நெருக்கடி இல்லாதவர் ‘டெவலப்மென்ட் இன் பிராக்டிஸ்’ இதழுக்கே அனுப்பட்டும். எதுவானாலும், ஆய்வுக்கு நேரம் ஒதுக்கித் தந்த களப்பணியாளர்களின் மொழியில் இரண்டு பக்கச் சுருக்கம் எழுதி, கட்டுரை வெளிவருவதற்கு முன்பே அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்கு எந்தப் பதிப்பகத்தின் அனுமதியும் தேவையில்லை.