இருந்த இடத்திலேயே கரையும் செம்பு: எந்தக் கணிப்பை நம்பலாம்?

தரம் குறைந்த செம்புத் தாதுவைத் தோண்டி அரைத்தால் செலவுக்குக் கட்டாது. அதனால் பாறையை இருந்த இடத்திலேயே வெடிவைத்து நொறுக்கி, மேலிருந்து நீர்த்த கந்தக அமிலத்தைப் பாய்ச்சி, அடியில் வடியும் நீலப்பச்சைக் கரைசலைப் பிடிக்கிறார்கள். அரிசோனாவின் ஓல்ட் ரிலையபிள் சுரங்கத்தில் 1972-இல் இதற்காகச் சுமார் 2,000 டன் வெடிமருந்து வெடிக்கப்பட்டது. இத்தனை செலவுக்கு முன்பே தெரியவேண்டியது ஒன்று: எவ்வளவு செம்பு, எத்தனை ஆண்டில்?

ஆய்வகத்தின் விடை, நெடுங்குழாய்ச் சோதனை. குழாயில் தாதுவை நிரப்பி, அமிலம் சொட்டவிட்டு, வெளிவரும் செம்பை நாள்தோறும் அளப்பார்கள். தாது எவ்வளவு அமிலம் குடிக்கும், தாதுவிலுள்ள கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் ஜிப்சமாக மாறி வழியை அடைக்குமா என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது. ஆனால் குழாய்க்குள் போவது சிறு கற்கள்தான். அங்கு வரைந்த கோட்டை அப்படியே சுரங்கக் களத்துக்கு நீட்டுவது ஆபத்து.

ஏன் என்பதைச் சுருங்கும் உள்ளக மாதிரி, அதாவது கல் வெளியிலிருந்து உள்நோக்கிக் கரைவதாகக் கொள்ளும் கணக்கு, காட்டுகிறது. அமிலத்தில் ஊறிய சால்கோபைரைட் (செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) கல் ஒன்றை அறுத்துப் பாருங்கள்: வெளிப்புறம் வெளிறிய வளையம், நடுவில் மஞ்சள் மினுங்கும் தொடப்படாத தாது. அந்த வளையத்தைத் துளைத்துத்தான், தாதுவைக் கரைக்கும் ஃபெரிக் (இரும்பு) அயனி உள்ளே போகவேண்டும். இந்த ஊடுருவலே வேகத்தைத் தீர்மானிக்கும்போது, கல்லின் அளவு இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. ஒரு செ.மீ. கல் 100 நாளில் கொடுப்பதை 10 செ.மீ. கல் கொடுக்க 10,000 நாள், அதாவது 27 ஆண்டு ஆகும்! வெடிப்புக்குப் பின் எந்த அளவுக் கற்கள் எவ்வளவு கிடக்கும் என்பதைச் சேர்த்துக் கணக்கிட இடம் தருவதால், இரண்டில் என் வாக்கு இதற்கே.

இருந்தும் மாதிரி ஒன்றை இலவசமாக எடுத்துக்கொள்கிறது: எல்லாக் கல்லும் நனைகிறது என்பதை. குவியலுக்குள் கரைசல் தனக்குப் பிடித்த வழியிலேயே ஓடும். நனைந்த பகுதி 60 சதவீதம், அதில் கரைந்தது 70 சதவீதம் என்றால் கையில் கிடைப்பது 42 தான். நனையும் பங்கை அறியக் களச் சோதனையே வேண்டும். செலவும் காலமும் பிடிக்கும், ஆனாலும் தவிர்க்கக்கூடாது.

அதே அரிசோனாவின் ஃபிளாரன்ஸில் கதை வேறு. அங்கே வெடிவைப்பதில்லை, நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே, இயல்பாகவே விரிசல் விட்ட பாறைக்குள் கிணறுகள் வழியாக அமிலம் செலுத்துகிறார்கள். கற்களின் அளவைவிட விரிசல்களின் இடைவெளியே அங்கு கணக்கு. அதனால் 1990-களிலேயே கிணறு போட்டுச் சோதித்துப் பார்த்தார்கள்.