சின்ன ஒன்சென் போகணுமா: கமாட்டாவா, பெப்புவா, நோசாவாவா?

ஜப்பான் போகிறவர்கள் ஒன்சென் (வெந்நீர் ஊற்றுக் குளியல்) என்று கேட்டாலே மலையைப் பார்த்த தொட்டி, யுகாட்டா என்ற பருத்தி அங்கி, பத்துப் பன்னிரண்டு கிண்ணத்தில் சாப்பாடு என்று பெரிய விடுதியைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். அதை விடுங்கள். அக்கம்பக்கத்து ஆட்கள் தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக நடந்து வந்து குளித்துவிட்டுப் போகும் ஊர்க் குளியல்கள்தான் எனக்குப் பிடித்தவை. டோக்கியோவில் கமாட்டா பக்கத்துச் சென்டோ (காசு கொடுத்துக் குளிக்கும் பொதுக் குளியல்), க்யூஷு தீவில் பெப்பு நகரம், நாகானோ மலையில் நோசாவா ஒன்சென் கிராமம் என்று மூன்றிலும் இறங்கியிருக்கிறேன். மூன்றும் மூன்று விதம், முதல் தடவை தப்பான இடத்தில் கால் வைத்தால் அப்புறம் அந்தப் பக்கமே போகமாட்டீர்கள்.

முதலில் காசு. நோசாவாவின் 13 பொதுக் குளியல்களும் இலவசம், வாசலில் காணிக்கைப் பெட்டி மட்டும் இருக்கும். பெப்புவில் தெருக் குளியல்கள் நூறு, இருநூறு யென், அங்கே பேர்போன தாகேகவாரா குளியல் 300. டோக்கியோ முழுக்கச் சென்டோவுக்கு ஒரே கட்டணம், 2024 ஆகஸ்டில் அதை 550 யென் ஆக்கினார்கள். ஆனால் காசை வைத்து முடிவு செய்யாதீர்கள், இலவசத்தில்தான் தோல் உரியும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நோசாவாவில் ஓகாமா என்று ஒரு ஊற்று, தண்ணீர் கிட்டத்தட்ட 90 டிகிரி, ஊர்க்காரர்கள் அதில் நோசாவானா கீரையை வேகவைக்கிறார்கள், வெளியாட்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. அந்த மண்ணிலிருந்து வரும் வெந்நீர்தான் தொட்டிகளுக்கும் போகிறது. ஊர் நடுவே இருக்கும் ஓயு என்ற குளியலில் சூட்டுத் தொட்டி, மிதச்சூட்டுத் தொட்டி என இரண்டு உண்டு, நான் மிதச்சூட்டில் முழங்கால் வரை இறங்கி இருபது எண்ணுவதற்குள் வெளியே வந்துவிட்டேன். பச்சைத்தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் தொட்டியில் இருப்பவரைக் கேட்காமல் திறக்கக் கூடாது. ஒரு தாத்தா என் முகத்தைப் பார்த்துத் தானே திறந்துவிட்டார், நான் ஏறியதும் ஒன்றும் பேசாமல் மூடிவிட்டார். அவர் கோபப்பட்டாலும் தப்பில்லை, ஏனென்றால் யு-நகாமா என்ற கூட்டாக அந்தந்தத் தெரு வீடுகள்தான் முறை வைத்துக் கழுவி, மின்கட்டணமும் கட்டுகின்றன. நாம் போவது அவர்கள் வீட்டுக் குளியலறைக்கு. ஷவர் கிடையாது, பல இடங்களில் துணி வைக்கும் தட்டும் தொட்டியை ஒட்டியே. வாசலில் ஜப்பானிய எழுத்து மட்டும்தான், அந்த எழுத்தின் மேல்பாதி நாலு கட்ட ஜன்னல் மாதிரி தெரிந்தால் ஆண்கள் பக்கம். கந்தகத் தண்ணீர், வெள்ளி அரைஞாணும் மெட்டியும் கறுத்துவிடும், கழற்றிவிட்டுப் போங்கள்.

பெப்பு இதைவிடக் கொஞ்சம் இளகியது. பல தெருக்களில் மாடியில் ஊர்மன்றம், கீழே குளியல். தரையில் பதித்த ஒரே தொட்டி, சுற்றி உட்கார்ந்து அதிலிருந்தே மொண்டு மேலுக்கு ஊற்றிக்கொள்கிறார்கள், அழுக்கைக் கழுவிய பிறகுதான் இறங்க வேண்டும், துண்டு தண்ணீரில் படக் கூடாது. சில கதவுகளில் உறுப்பினருக்கு மட்டும் என்று எழுதியிருக்கும், அதில் மல்லுக்கட்டாதீர்கள். தாகேகவாரா 1879-இல் தொடங்கியது, இப்போதுள்ள கட்டடம் 1938. முகப்பில் வளைந்த பெரிய கூரையைப் பார்த்துக் கோயில் என்று நினைத்தேன். உள்ளே ஷவர்கூட இல்லாமல், படியிறங்கிப் போகும் எளிய தொட்டி. சூடான மணலில் புதைந்து கிடக்கும் மணல் குளியலுக்குத் தனிக் காசு, காத்திருக்கவும் வேண்டும், நேரம் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

கமாட்டா அழகில் கடைசி. வெளியே சாதாரணத் தெரு, உள்ளே டிகாஷன் நிறத்தில் தண்ணீர், கையை நாலு விரல் ஆழத்துக்குள் விட்டாலே மங்கிவிடும். பழங்காலத் தாவரங்கள் மக்கி வந்த கறுப்பு அது. நிலத்தடியிலிருந்து வரும்போது குளிர்ச்சியாக இருப்பதால் சூடாக்கி விடுகிறார்கள். அப்படியானால் இது ஒன்செனா என்று கேட்டால், 1948 சட்டப்படி ஊற்று 25 டிகிரி இருக்க வேண்டும் அல்லது குறிப்பிட்ட தாதுக்களில் ஒன்றாவது போதிய அளவு இருக்க வேண்டும், இது இரண்டாவது வழியில் தேறுகிறது. ஷவர், பூட்டு போட்ட அலமாரி, உட்கார முக்காலி, கெரோரின் என்ற வலி மருந்துக்கு 1963 முதல் விளம்பரமாக வரும் மஞ்சள் வாளி, எல்லாம் தயார். பச்சை குத்தியவர்களையும் பெரும்பாலான சென்டோவில் தடுப்பதில்லை.

என் கணக்கு இது: முதல் தடவைக்குக் கமாட்டா, ஒரு நாள் முழுக்க இருந்தால் பெப்பு. எனக்குத் தனியாக இன்னொரு பயணம் கிடைத்தால் பனிக்காலத்தில் நோசாவாதான், அந்தச் சூட்டுக்கு வெளியே பனி வேண்டும். அப்பா வந்தபோது கமாட்டாவுக்குத்தான் கூட்டிப்போனேன். அத்தனை பேர் நடுவே அம்மணமாக நிற்கும் கூச்சம் அவருக்கு இரண்டு நிமிடத்தில் போய்விட்டது, இந்தத் தண்ணீரைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்ற சந்தேகம்தான் ஊருக்கு விமானம் ஏறும்வரை போகவில்லை.