வட்டமடித்த ஆட்டுக்கு மண்டை அறுவை: ஒரு கால்நடை மருத்துவமனைச் சேவையின் மதிப்புரை

பத்து மாத வயதுடைய எங்கள் செம்மறி ஒன்று, மந்தையை விட்டு விலகி, தலையை இடப்பக்கம் சாய்த்தபடி அந்தப் பக்கமாகவே வட்டமடிக்கத் தொடங்கியது. மூளையில் நாடாப்புழுவின் நீர்க்கட்டி இருப்பதாகக் கண்டறிந்த தனியார் மருத்துவமனையிலேயே அறுவையும் செய்துகொண்டோம். கத்தி பிடித்த கைக்கு என் முழுப் பாராட்டு உண்டு. மற்றவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

நோயறிவதில் மருத்துவர் அவசரம் காட்டவில்லை. லிஸ்டீரியா கிருமி மூளையைத் தாக்கினாலும் ஆடு சுற்றும் என்றும், அதில் பெரும்பாலும் காய்ச்சலும் எச்சில் வடிதலும் ஒரு பக்கக் காது தொங்குவதும் சேர்ந்து சில நாட்களிலேயே நிலைமை முற்றிவிடும் என்றும் விளக்கிய அவர், எங்கள் ஆட்டின் தொல்லை வாரக்கணக்கில் மெல்ல வளர்ந்ததைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இரு கண்களுக்கு முன்னாலும் தனித்தனியே விரலை வீசிப் பார்த்தபோது வலக்கண் இமைக்கவில்லை. கட்டி இடப்பக்க மூளையில் இருந்தால் எதிர்ப்பக்கக் கண்தான் பார்வை இழக்குமாம். மண்டையின் இடப்பக்கத்தில் ஓரிடத்தை அழுத்தினார். எலும்பு நனைந்த அட்டையைப் போல உள்வாங்கியது. என் விரலையும் அங்கே வைத்துப் பார்க்கச் சொன்னார்.

மயக்கமூட்டி, அந்த இடத்தில் துளையிட்டு, தெளிந்த நீரை ஊசியால் உறிஞ்சிய பின், ஆட்டின் தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, சுருங்கிய பையை இடுக்கியால் கிழியாமல் வெளியே எடுத்தார். மெல்லிய அந்தப் பையின் சுவரில், குருணை ஒட்டியதுபோல, வெண்புள்ளிகள் கொத்துக்கொத்தாக இருந்தன. ஒவ்வொரு புள்ளியும் நாயின் குடலில் ஒரு முழு நாடாப்புழுவாக வளரக்கூடிய தலை. மறுநாளே ஆடு தழை கடித்தது. ஒரு வாரத்தில் சுற்றுவதும் நின்றது.

என் குறை அந்தப் பையைப் பற்றியதுதான். உதவியாளர் அதைப் பஞ்சோடு சுருட்டிக் கட்டடத்தின் பின்னால் இருந்த மூடியில்லாத தொட்டியில் போட்டார்; தொட்டியருகே இரண்டு தெருநாய்கள் படுத்திருந்தன. நாய் அதைத் தின்றால் ஏறக்குறைய ஆறு வாரங்களில் புழு முதிர்ந்து, அதன் முட்டைகள் மலத்தோடு மேய்ச்சல் நிலத்தில் விழும். புல்லோடு அவற்றை விழுங்கும் ஆட்டின் குடலைத் துளைத்து, இரத்தத்தின் வழியே இளம்புழு மூளையை அடையும். நான் எடுத்துச் சொன்ன பிறகே அதை எரித்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சீட்டில் தையலைப் பற்றியும் ஊசிகளைப் பற்றியும் விரிவாக எழுதியிருந்தது; பட்டி நாய்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. தையல் பிரிக்கப் போனபோது நானே கேட்டேன். நாய்க்குப் பிராசிகுவான்டல் மாத்திரையை எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற அளவில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். அது புழுவைக் கொல்லுமே தவிர முட்டையைக் கொல்லாது என்பதால், கொடுத்த பின் இரண்டு மூன்று நாள் நாயைக் கட்டிவைத்து மலத்தை அப்புறப்படுத்த வேண்டும். செத்த ஆட்டின் தலையை நாய்க்குப் போடவே கூடாது. இவ்வளவையும் சொல்ல மருத்துவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இன்னோர் ஆடு சுற்றினால் அவரிடமே கொண்டுபோவேன். எடுத்த கட்டியை மட்டும் கையோடு வாங்கி வந்து நானே எரிப்பேன்.