டாக்டர்கள் சபை: மொத்தத்துக்கும் ஒன்றா, மருத்துவமனைக்கு ஒன்றா?

அமெரிக்க மருத்துவமனைகளில் யார் சிகிச்சை அளிக்கலாம் என்று பரிசீலிக்கும் டாக்டர்களின் அமைப்புதான் டாக்டர்கள் சபை. நாலைந்து மருத்துவமனைகள் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தால், எல்லாவற்றுக்கும் ஒரே சபையா, தனித்தனியா என்ற கேள்வி தவறாமல் எழும். 2014-இல் மெடிக்கேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விதிகள் ஒரே சபைக்கு வழிவிட்டன. ஆனால் ஒவ்வொரு மருத்துவமனை டாக்டர்களும் தனியே வாக்களித்துச் சம்மதிக்க வேண்டும். பின்னர் வாக்களித்தே விலகவும் செய்யலாம்.

தனிச் சபைகள் என்றால், மூன்று இடங்களில் அறுவை சிகிச்சை செய்பவர் அதே உரிமத்தையும் காப்பீட்டுத் தாளையும் மூன்று முறை நீட்ட வேண்டும். வீண் அலைச்சல். ஒரே சபையில் ஒரு கோப்பு போதும். அதைவிடப் பெரிய லாபம்: ஓரிடத்தில் நடவடிக்கைக்கு ஆளானவர் அடுத்த இடத்தில் சத்தமில்லாமல் தொடர்வது கடினம்.

இத்தனைக்கும் பிறகும், கிராமப்புற மருத்துவமனை உள்ள இடத்தில் நான் தயங்குவேன். அங்கே சில சமயம் குடும்ப மருத்துவரே சிசேரியன் செய்கிறார். நகரத்து நிபுணர்கள் நிரம்பிய குழு, 'ஆண்டுக்கு இத்தனை செய்திருக்க வேண்டும்' என்று ஒரே அளவுகோல் வைத்தால் அவருக்கு அனுமதி போய்விடும். பிரசவ வார்டுக்கும் பூட்டு விழலாம். சிறு மருத்துவமனையின் தனிச் சூழலைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறதுதான். குழுவில் அந்த ஊர் டாக்டருக்கு ஒரு நாற்காலியாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.